மறுபடியும் அதே நாவல்

கோவில்பட்டி வாசகர் வட்டத்தில் தலைவர் ஆவுடையப்பன் வைத்ததுதான் சட்டம். ஓய்வுபெற்ற தாசில்தார் அல்லவா! அந்த மாதம் தன் மைத்துனர் எழுதிய எழுநூறு பக்க நாவலை எல்லார் தலையிலும் கட்டிவிட்டார். படித்தவர்கள் நொந்து போனார்கள். ஆனாலும் கூட்டத்தில், மைத்துனரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக எழுந்து "அற்புதம்", "காவியம்" என்று அளந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த தையல்காரி செண்பகம் மட்டும் வாயே திறக்கவில்லை.

"என்னம்மா, பிடிக்கலையோ? பிடிக்கலைன்னா வட்டத்துல இடமில்லை. பொய் சொன்னாலும் இடமில்லை. ம், பேசு!" என்று உறுமினார் தலைவர்.

செண்பகம் எழுந்து கும்பிட்டாள். "ஐயா, எல்லாரும் இவ்வளவு ரசிச்ச புத்தகத்தை ஒரே கூட்டத்துல முடிச்சிரலாமா? அடுத்த மாசமும் இதையே வைப்போம். எல்லாரும் முதல் பக்கத்துல இருந்து மறுபடி படிச்சிட்டு வரட்டும்."

"காவியம்" என்றவருக்குத் திடீரென்று கண் ஆபரேஷன் ஞாபகம் வந்தது. "அற்புதம்" என்றவர் காசி யாத்திரைக்குக் கிளம்பிவிட்டார்.

தலைவர் முகம் சிவந்தது. "அப்போ இவ்வளவு நேரம் புளுகினீங்களா?"

"விடுங்க ஐயா. நீங்களே வாசிங்க, நாங்க கேட்டுக்கிடுறோம். விட்ட இடத்துல இருந்தே ஆரம்பிங்க" என்று அவருடைய பிரதியை விரித்து நீட்டினாள் செண்பகம்.

அடையாளத்துக்கு அவர் செருகியிருந்த பஸ் டிக்கெட் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அடுத்த மாசப் புத்தகத்தை... செண்பகமே சொல்லட்டும்."

அப்போது எழுந்த கைதட்டலில் பாதிகூட அந்தக் காவியத்துக்கு விழுந்திருக்கவில்லை. முதலில் தட்டியவர், அதை எழுதிய மைத்துனர்.