பிடுங்காமல் விட்ட வரிசை

கேட்டுவிட்டு உச்சுக்கொட்டிப் போகிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் தனகோட்டி, அஞ்சலாட்சி என்று அண்ணன் தங்கை இருவர். அப்பா விட்டுப்போன நிலம் இரண்டு ஏக்கர். ஆளுக்குப் பாதி என்று அவர் வாயால் சொன்னதுதான், காகிதம் கிடையாது. கட்டிக்கொடுத்த வீட்டில் வாழ முடியாமல் திரும்பி வந்த அஞ்சலாட்சிக்கு அந்த வாய்ச்சொல் ஒன்றுதான் சொத்து. இருவரும் சேர்ந்தே பயிர் வைத்தார்கள். வேலை இருவருக்கும், வாய் மட்டும் அண்ணனுக்கு.

அந்தத் தை மாதம் விதைக் கம்பெனியிலிருந்து வைகுந்தன் என்பவர் வந்து, விதையில்லாத தர்பூசணி போடச் சொன்னார். காயைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளுமாம். பெரிய பாக்கெட்டில் இருந்தது விதையில்லாத ரகம், காய் கரும்பச்சையாக இருக்கும். சின்னப் பாக்கெட்டில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த விதைப்பழம், காயில் வரி ஓடும். மூன்று வரிசைக்கு ஒரு வரிசை இதைப் போடுங்கள் என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, தனகோட்டியும் கேட்கவில்லை. பாக்கெட்டின் பின்னால் எல்லாம் விவரமாக எழுதியிருந்தது, இங்கிலீஷில்.

கொடி ஓடிப் பூக்கத் தொடங்கியபோது வைகுந்தன் மறுபடி வந்தார். "வரிக்காய் ஒண்ணுகூட லோடுல வரக் கூடாது. வந்தா மொத்த லோடும் ரிட்டர்ன்" என்றார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. தனகோட்டி தனக்குள் கணக்குப் போட்டான். விதைக்கொடி இருந்தால்தானே வரிக்காய் வரும்? மேற்குப் பாதியில் இருந்த விதைக்கொடியையெல்லாம் அவனே பிடுங்கிப் போட்டான். கிழக்குப் பாதியில் பிடுங்கும் வேலையைத் தங்கையிடம் விட்டான்.

அஞ்சலாட்சி வாழப்போன ஊரில் மூன்று வருடம் விதைப் பண்ணையில் வேலை பார்த்தவள். ஆண்பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண்பூவில் தொட்டுவைப்பதுதான் அந்த வேலை. பழக்கத்தில் கை சும்மா இருக்காது. விதைக்கொடியின் ஆண்பூவைத் தொட்டாள், விரலில் மஞ்சள் மாவு ஒட்டியது. விதையில்லாத கொடியின் ஆண்பூவைத் தொட்டாள், விரல் வெறுமனே வந்தது. பத்துப் பூ பார்த்தாள், பத்தும் அப்படியே.

"அண்ணா, இந்தப் பூவுல மாவே இல்ல. விதைக்கொடியையும் புடுங்கிட்டா இது எப்படிக் காய் புடிக்கும்?"

"பூவத் தடவிப் பாக்கவா உன்ன வயலுக்கு அனுப்பறன்? சொன்னதச் செய்யி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவள் எவ்வளவு பேச முடியும்? பிடுங்கினாள், கிணற்றோரத்தில் ஒரே ஒரு வரிசையை விட்டுவிட்டு. சாயங்காலம் "ஆச்சா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றாள். அது பொய்தான்.

அதற்குப் பிறகு தினமும் அந்த வரிசையில் தலைகாட்டிய வரிப்பிஞ்சுகளையெல்லாம் நகத்தால் கிள்ளி எறிந்தாள். ஆண்பூவை மட்டும் தொடவில்லை. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதில் தனகோட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. வயலெங்கும் பிஞ்சு கொட்டியபோது வெயில் என்றான், பூச்சி என்றான், மருந்து அடித்துக்கொண்டே இருந்தான்.

காய் பார்க்க வைகுந்தன் வந்தார். இரண்டு ஏக்கரிலும் கொடி பச்சைப்பசேல் என்று கிடந்தது, காயைத்தான் காணோம். சுண்டைக்காய் அளவுப் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. கிணற்றோரத்து ஏழெட்டுப் பாத்தியில் மட்டும் கரும்பச்சைக் காய்கள் குடம் குடமாக உட்கார்ந்திருந்தன. அவற்றில் வரிக்காய் ஒன்றுகூட இல்லை.

"இங்க மட்டும் எப்படி?" என்றான் தனகோட்டி.

அவள் மறைக்கவில்லை. "இந்த ஒரு வரிசைய நான் புடுங்கல. அதான்."

"கேட்டீங்களா சார்? விதைக்கொடிய வச்சு வயல் சத்தெல்லாம் இந்தப் பக்கம் இழுத்துட்டா. எங்கிட்டயே பொய் சொன்னவளுக்கு இனிமே இந்த நெலத்துல எடம் கெடையாது."

அஞ்சலாட்சி வைகுந்தனைப் பார்த்தாள். அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், "பிடுங்கச் சொல்லி நான் சொல்லலியே. லோடுல வரக் கூடாதுன்னுதானே சொன்னேன்" என்று செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டார்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பாதி நெலம் என்னுது. நான் எங்கயும் போக மாட்டன்" என்றாள்.

இப்போது சொல்லுங்கள். வைகுந்தன் பொய்யே சொல்லவில்லை. தனகோட்டி கம்பெனி போட்ட நிபந்தனைக்குப் பயந்து நடந்தான். அஞ்சலாட்சி கூடப் பிறந்தவனிடம் பொய் சொன்னாள். கிணற்றோரத்து வரிசை வயலைக் கெடுத்ததா, காப்பாற்றியதா? இதில் யார் செய்தது சரி?

விடை: அஞ்சலாட்சி செய்ததுதான் சரி. சாதாரணத் தர்பூசணியின் உயிரணுவில் குரோமோசோம் இரண்டு தொகுதி இருக்கும். மருந்து கொடுத்து அதை நான்காக்கி, அந்தக் கொடியைச் சாதாரணக் கொடியோடு இணைத்தால், ஒன்று தன் பாதியாக இரண்டையும் மற்றது தன் பாதியாக ஒன்றையும் தர, மூன்று தொகுதிக் கொடி பிறக்கும். மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாததால் அதன் பழத்தில் விதை பிடிக்காது, பூவில் நல்ல மகரந்தமும் வராது. ஆனால் காய் திரள மகரந்தம் வேண்டும். அதை விதைக்கொடியிலிருந்து தேனீதான் கொண்டுவர வேண்டும். வரிக்காய் வரக் கூடாது என்றால் பிஞ்சைக் கிள்ளினால் போதும், கொடியைப் பிடுங்க வேண்டியதில்லை. அதைத்தான் அவள் செய்தாள். இதையெல்லாம் தனகோட்டியிடம் விளக்கியவர் வைகுந்தனேதான். தானாக விளக்கவில்லை, விளக்கும்வரை அஞ்சலாட்சி அவருடைய வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நிலம் பாதி பாதியாக அளந்து பிரிக்கப்பட்டது, இந்த முறை காகிதத்தில். அடுத்த தையில், விதைக்கொடி எத்தனை வரிசை விட வேண்டும் என்று தனகோட்டி ஆள்விட்டுக் கேட்டான். நேரில் வந்து கேட்கச் சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.