உள்ளங்கையில் ஓர் ஆடு

முன்னொரு காலத்தில், மழை தவறினாலும் வரி தவறாத ஒரு நாட்டை வச்சிரபாகு என்ற அரசர் ஆண்டுவந்தார். அவர் குலத்தில் முன்பு இருந்த ஒரு ராணி, ஊருக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கல்வி இலாகா ஒன்றை ஏற்படுத்திவிட்டுக் கண்ணை மூடினாள். முதலில் அந்த இலாகாவில் வாத்தியார்கள் மட்டும்தான் இருந்தார்கள். பிறகு வாத்தியார்களை மேற்பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். அதிகாரிகளை மேற்பார்வையிடப் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பல்லக்கு வந்தது, பல்லக்குக்குக் குடை வந்தது. இத்தனைக்கும் படியளக்க வேண்டாமா? வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது நாட்டில் எல்லாருக்கும் தெரியும், அரசரைத் தவிர.

ஒருநாள் சபையில் அரசருக்குத் திடீரென்று ஆசை வந்தது. "நம் நாட்டில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்று கேட்டார்.

கல்வி இலாகாவின் தலைவர் அனந்தகீர்த்தி எழுந்து கைகூப்பினார். "மூச்சு விடுகிற பிள்ளைகள் அத்தனை பேரும், அரசே."

சபையின் விகடகவி தும்பையான் களுக்கென்று சிரித்துவிட்டான். சிரிப்பை அடக்கத் தெரியாத பிறவி.

"ஏன் சிரித்தாய்?"

"எங்கள் ஊரான கல்பட்டறைப் பள்ளியில் ஆடுதான் கட்டியிருக்கிறது, அரசே. அதுவும் மூச்சு விடும்."

அரசரின் முகம் சிவந்தது. "என் குலத்து ராணி வைத்த இலாகாவைப் பழிக்கிறாயா? நாளைக்கே மூன்று ஊர்ப் பள்ளிகளைப் பார்க்கப் புறப்படுகிறேன். மூன்றாவது ஊரில் உன் சொல்லை நிரூபிக்க வேண்டும். தவறினால் உன் தலை உனக்கில்லை."

இவன் வாயால் எத்தனை முறை அவமானப்பட்டிருப்பார் அனந்தகீர்த்தி! இந்தச் சமயத்தை விடுவாரா? "அரசே, இவன் பேசியே பிள்ளைகளைக் கலைத்துவிடுவான். தாங்களே கேட்கும்வரை இவன் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பேசினாலும் அதே தண்டனை என்று ஆணையிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். பேச்சை நம்பிப் பிழைத்தவனுக்கு வாய்ப்பூட்டு. போதாததற்கு வாள்காரன் ஒருவன் அவன் பின்னாலேயே நடந்தான்.

முதல் ஊர் நெல்லேரி. பிள்ளைகள் வரிசையாக நின்று பாடம் ஒப்பித்தார்கள், ஓர் எழுத்தும் பிசகவில்லை. அரசர் முன்னால் குனிந்த தலை நிமிரக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். அதனால் அரசர் அவர்களின் உச்சந்தலைகளைத்தான் பார்த்தார். அதற்கே பூரித்துப்போனார்.

"கண்ணுகளா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்றார் அரசர்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் கிழக்கே ஓடித் திரும்பினான், இன்னொருத்தி மேற்கே ஓடித் திரும்பினாள். கடைசியில் சேவகன்தான் கொண்டுவந்தான். சொந்த ஊரில் கிணறு எங்கே என்று தெரியாத பிள்ளைகளா? தும்பையானுக்குப் புரிந்துவிட்டது. இவை வாடகைப் பிள்ளைகள்! அரசருக்கு முன்னால் வண்டியில் போய் ஊர் ஊராக நிற்கப்போகிறவை. ஆனால் எப்படிச் சொல்வது? பின்னால் வாள் மினுங்கியது.

அரசர் உண்டு உறங்கப் போனார். தும்பையான் வேலியோரத்து மருதாணியைப் பறித்து அரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, சைகையால் பிள்ளைகளை அழைத்தான். பாவம், விளையாட்டையே மறந்த பிள்ளைகள், ஓடிவந்து கைநீட்டின. ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு குட்டி ஆட்டை வரைந்துவிட்டான்.

"பேச்சு போனதும் புத்தியும் போய்விட்டது" என்று அனந்தகீர்த்தி சிரித்தார். மாலையில் பிள்ளைகள் கை கழுவியபோது அவர் சிரிப்பு நின்றது. புளி போட்டுத் தேய்த்தார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். ஆடுகள் இன்னும் சிவந்தன.

இரண்டாவது ஊர் ஆனைவாரி. உடையும் தலைப்பாகையும் புதிது. ஆனால் பிள்ளைகள் எல்லாம் கையை இறுக மூடியிருந்தார்கள். "இது எங்கள் இலாகாவின் புதிய ஒழுங்கு, அரசே" என்றார் அனந்தகீர்த்தி. சொல்லிக்கொண்டே தும்பையானின் காலைத் தன் செருப்பால் நறுக்கென்று மிதித்தார். ஒரு 'ஐயோ' போதும், தலை போய்விடும். தும்பையான் உதட்டைக் கடித்தான். ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை.

மூன்றாவது ஊரிலும் பாடம் முடிந்தது. அதே மூடிய கைகள். அரசர் எழுந்தார். "தும்பையான், உன் நிரூபணம் எங்கே? காட்டு. பேச்சு வேண்டாம்." வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

தும்பையான் தன் மூட்டையை அவிழ்த்தான். உள்ளே வெல்லம் மணக்கும் எள்ளுருண்டைகள். ஒன்றை எடுத்து முன்வரிசைச் சிறுமியிடம் நீட்டினான்.

அவள் ஓரக்கண்ணால் அனந்தகீர்த்தியைப் பார்த்தாள். உருண்டையைப் பார்த்தாள். மூடிய கை அசையவில்லை. தும்பையானின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அப்போது பின்வரிசைப் பொடியன் ஒருவன், "எனக்கு!" என்று கூவியபடி கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். அவ்வளவுதான். எல்லாக் கைகளும் விரிந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு ஆடுகள்.

நெல்லேரியில் மருதாணி பூசியதை அரசர் பார்க்கவில்லைதான். ஆனால் பல்லக்குத் தூக்கிகள் பார்த்திருந்தார்கள். "நெல்லேரியில பாத்த அதே புள்ளைங்க சாமி!" என்று ஒருவன் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்தச் சிறுமி வழக்கத்தை மறந்து தலை நிமிர்ந்தாள். "ராசா, இன்னும் எத்தன ஊருக்குப் போவணும்? எங்கம்மாகிட்ட எப்ப விடுவாங்க?"

அரசருக்குக் கண் கலங்கியது. பிறகு கேட்டார்: "ஏனப்பா ஆடு? இப்போது பேசு."

"எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒருநாளும் தவறாமல் வருவது அது ஒன்றுதான், அரசே. அதன் பெருமையை யாராவது சொல்ல வேண்டாமா?"

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தும்பையானுக்குப் போட்டார். பிள்ளைகளைப் பல்லக்குகளில் ஏற்றி அவரவர் வீட்டுக்கு அனுப்பினார். வாத்தியார்களைத் திரும்ப அழைத்தார். வாத்தியார் கிடைக்காத கல்பட்டறைக்கு அனந்தகீர்த்தியையே போகச் சொன்னார். அவர் செய்த முதல் வேலை ஆட்டை அவிழ்த்துவிட்டது.

அடுத்த கோடையில் அரசர் யாருக்கும் சொல்லாமல் கல்பட்டறைப் பள்ளி வாசலில் போய் நின்றார். பாடம் கேட்கவில்லை. "தாகமாக இருக்கிறது" என்றார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே திசையில் கிணற்றை நோக்கி ஓடினார்கள்.