மூக்காண்டியோடு சேர்த்து விற்ற கால்பந்து கேம்

மேலக்கொத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய வீடியோ கேம் கடை வைத்திருந்த மூன்று பேருக்கும் சேர்த்து மூளை என்று ஒன்று இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்ததில்லை. மூத்தவர் வன்னியப்பன், அடுத்தவன் துரைக்கண்ணு. கடைசி ஆள் மூக்காண்டி, வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போகிறவன். ஏழு இடம் தட்டிப்போய் இது எட்டாவது. பாவம், போட்டுக்கொள்ள நல்ல சட்டைகூட இல்லை.

அதனால் தன் சொந்தக் கால்பந்து கேமை ரெஜினா டீச்சருக்கு விற்றுச் சட்டை எடுத்துவிட்டான். மறுநாள் டீச்சர் கேமை எடுத்துப்போக வந்தபோதுதான் துரைக்கண்ணு அதன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஐயையோ! 'முதலில் வாங்கியவரிடமிருந்து இந்த கேமைப் பிரிக்கக் கூடாது. அவர் மட்டுமே ஆடலாம்'னு போட்டிருக்கே!"

மூவரும் கடைக்குள்ளேயே கூட்டம் போட்டார்கள்.

"சட்டையைத் திருப்பிக் கொடுத்துடலாமா?"

"போட்டுப் பார்த்துட்டேனே அண்ணே!" மூக்காண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

வன்னியப்பன் கால் மணி நேரம் யோசித்தார். "கேமைத்தானே ஆள்கிட்டேருந்து பிரிக்கக் கூடாது? ஆளையும் சேர்த்துக் கொடுத்துட்டா?"

"அண்ணே, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்!"

'கேம் ஒன்று, ஆள் ஒன்று' என்று பில் எழுதி, மூக்காண்டியையும் டீச்சரோடு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் டீச்சர் ஆசையாகக் கன்ட்ரோலரை எடுக்கப் போனார். மூக்காண்டி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"தொடாதீங்க டீச்சர், சட்டம்!"

"டேய், ஒரே ஒரு கோல் போட்டுக்கறேன்டா!"

"நீங்க கை தட்டலாம். அதைக் கூடாதுன்னு போடலை."

இரண்டு நாள் கை தட்டினார். மூன்றாம் நாள் அவனையும் கேமையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வன்னியப்பன் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

வெள்ளிக்கிழமை வந்தது. எப்படியாவது இந்தப் பீடை தொலைந்தால் சரி என்று டீச்சரும் கூடப் போனார். பெண்ணின் அப்பா சுடலைமுத்து, "இவங்க யாரு?" என்றார்.

"மாப்பிள்ளையை முதல்ல வாங்கினவங்க. இவங்களை விட்டு அவனைப் பிரிக்கக் கூடாது" என்றார் வன்னியப்பன்.

எட்டாவதும் போச்சு என்று மூக்காண்டி கண்ணை மூடிக்கொண்டான். சுடலைமுத்து தாடையைச் சொறிந்தார்.

"நியாயந்தானே! மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது பெரிய மனசு."

"சட்டை நல்லா இருக்கு" என்றாள் பெண் பூமயில், உள்ளேயிருந்து. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது.

மறுநாள் டீச்சர் வீட்டு வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பாய், தலையணையோடு சுடலைமுத்து.

"பொண்ணு முதல்ல எனக்குத்தானே சொந்தம்? பிரிக்கலாமா?"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டையே விற்கக் கிளம்பினார். அதே ஊர் அரிசிக்கடை பரமேஸ்வரன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியையும் வாங்கிக்கொண்டார். அங்கேயும் வன்னியப்பன் வந்து நின்றார்.

"வீடு உங்களுக்குத்தான். ஆனா டீச்சர், மாப்பிள்ளை, பொண்ணு, மாமனார் நாலு பேரும் அதுலேயேதான் இருப்பாங்க. சமையலறையை அவங்க மட்டுந்தான் பயன்படுத்தலாம்."

பரமேஸ்வரன் பயபக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"சரிங்க. மாசா மாசம் வாடகையை நான் யார்கிட்ட கொடுக்கணும்?"