கொழுந்தின் எழுபத்தாறு கிலோ

ஊமத்தங்குளத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது பொய். அங்கே மாற்றலாகி வந்த கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரை விட்டால், அந்தப் பேச்சை மறுக்க இதுவரை ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஊரின் மாவு மில்லில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். தளவாய் அண்ணாச்சி யோசிப்பார். முப்பிடாதி மூட்டை தூக்குவான். யோசிப்பதற்கும் தூக்குவதற்கும் நடுவில் மிச்சமிருக்கும் எல்லா வேலையும் கொம்பையாவுடையது. நாலாவதாக ஒரு பூனையும் இருந்தது. சாம்பல் நிறம், பதினாலு வயது, பெயர் மரிக்கொழுந்து. கூப்பிடுவது கொழுந்து என்று. இளமையில் எலி பிடித்ததாகச் சொல்வார்கள். இப்போது தவிட்டு மூட்டைமேல் படுத்திருக்கும். எலி ஓடினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

கொம்பையாவுக்கு அதன்மேல் உயிர். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், மில்லிலேயே படுத்து எழுந்திருப்பவன். அவனை ஒரு நாளும் கோபித்துக்கொள்ளாத ஜீவன் அந்தப் பூனைதான். கோபித்துக்கொள்வதற்கு முதலில் விழித்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

மில் முதலாளி தங்கபுஷ்பம் அக்கா, மகளின் பிரசவத்துக்காக மலேசியாவுக்குக் கிளம்பினாள். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு கொம்பையாவைக் கூப்பிட்டாள்.

"ஏலே, கொழுந்துக்கு வயசாயிட்டு. நான் திரும்பி வரும்போது பூனையில ஒரு பொட்டு குறைஞ்சிருக்கக் கூடாது. குறைஞ்சுதுன்னா நீ இந்த மில்லு வாசலை மிதிக்கக் கூடாது, பாத்துக்கோ."

கொம்பையா வாசலைப் பார்த்தான். அவனுக்கு வேறு வாசல் கிடையாது.

அன்றைக்கே மூவரும் பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவர் ஜெசிந்தாவிடம் போனார்கள். ஒரு மாட்டுக்கு ஊசி போட்டபடியே அவர் சொன்னார்:

"வயசான பூனைக்கு எடை குறையுதான்னு பாக்கிறதுதான் முக்கியம். வாராவாரம் நீங்களே எடை பாருங்க. தனியா நிக்காது, ஒரு ஆள் தூக்கிக்கிட்டுத் தராசுல ஏறணும். எப்பவும் ஒரே ஆள், ஒரே தராசு. வர்றதுல அந்த ஆளோட எடையைக் கழிச்சிருங்க. முதுகைத் தடவி எலும்பு தட்டுப்படுதான்னும் பாருங்க. இந்த டானிக்கைச் சாப்பாட்டோட குடுங்க. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா போன் பண்ணுங்க."

மில்லுக்குத் திரும்பியதும் தளவாய் கூட்டம் போட்டார். தூக்கும் ஆள் கொம்பையா, தராசு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. இதில் தகராறு இல்லை. கழித்தலில்தான் சிக்கல்.

"கொம்பையாவோட எடையைக் கழிக்கச் சொல்லுதாங்க" என்றார் தளவாய். "கழிச்சிட்டா இவன்கிட்ட என்ன எடை இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி" என்றான் முப்பிடாதி.

"எடையில்லாத மனுசன் தரையில நிப்பானா? அதுவும் ஆடி மாசக் காத்துல?"

கொம்பையா பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டான்.

"பறந்தா பறக்கட்டும்னு விடவும் முடியாது" என்றார் தளவாய். "போறவன் கையில பூனை இருக்கு."

முடிவில், அவனுக்கு உள்ளதை அவனிடமே விட்டுவிடுவது என்று தீர்மானமானது. கொம்பையா கண் கலங்கி நன்றி சொன்னான்.

அடுத்தது எலும்பு. கொம்பையா மெதுவாகக் கொழுந்தின் முதுகைத் தடவினான். கை நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, உள்ள எலும்பு இருக்கு."

"நல்லாப் பாரு."

"வரிசையா இருக்கு அண்ணாச்சி. வால் வரைக்கும் போயிட்டு."

முப்பிடாதி பயந்துபோய்த் தன் முதுகைத் தானே தடவிப் பார்த்தான். அவனுக்கும் இருந்தது. தளவாய்க்கும் இருந்தது. மிளகாய் அரைக்க வந்த டெய்லர் சங்கிலி, என்னவென்று கேட்டுத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அரைக்காமலே வீட்டுக்கு ஓடினார்.

"மில்லு முழுக்கப் பரவிட்டு" என்றார் தளவாய். "பூனையை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை. எடையைப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை கொம்பையா பூனையோடு தராசில் ஏறினான். கொழுந்து முண்டியது. அதை அமைதிப்படுத்த முப்பிடாதி ஒரு பெரிய சாளை மீனைக் கொம்பையாவின் இன்னொரு கையில் கொடுத்தான். தராசு அறுபத்திரண்டு கிலோ காட்டியது. கொழுந்து மீனைத் தலை முதல் வால் வரை தின்று முடித்தது. தராசு அப்போதும் அறுபத்திரண்டிலேயே நின்றது.

தளவாய் நெற்றியைச் சுருக்கினார். "மீனு இருந்தப்போ அறுபத்திரண்டு. மீனு போச்சு, இப்பவும் அறுபத்திரண்டு. அப்படின்னா?"

"அப்படின்னா அண்ணாச்சி?"

"இந்த மீனுக்கு எடையே இல்லைலே! மீன் வித்த அந்தோணியம்மா நம்மளை ஏமாத்திட்டா!"

"நிறுத்துல்லா குடுத்தா?"

"எடையில்லாததை நிறுத்துக் குடுத்திருக்கா பாரு, அதான் அவ சாமர்த்தியம்."

மூவரும் மீன்காரி அந்தோணியம்மாளிடம் நியாயம் கேட்கப் போனார்கள். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கூடையோடு மீனைத் தூக்கி முப்பிடாதியின் தலையில் வைத்து, "தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வாரும், எடை இருக்கா இல்லையான்னு அப்புறம் பேசுவோம்" என்றாள். முப்பிடாதி கழுத்து உள்ளே போக நடந்து போய்த் திரும்பினான்.

"எப்படிலே இருக்கு?"

"கூடை பயங்கரக் கனம் அண்ணாச்சி. மீனைப் பத்திச் சொல்ல முடியலை."

கொழுந்துக்குள் எலும்பு இருக்கிறதே என்ற பயத்தில் கொம்பையா பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டான். அடுத்த வாரம் தராசு அறுபதுதான் காட்டியது. ஒரே வாரத்தில் கொழுந்து இரண்டு கிலோ இளைத்துவிட்டது. அந்தக் கவலையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பங்கு முட்டையையும் மீனையும் அதன் முன்னால் வைத்தான். அது வழக்கம்போல ஒரு மீன் தலையோடு நிறுத்திக்கொண்டு தூங்கப் போனது. அவன் பட்டினியாக உட்கார்ந்து அது தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த வாரம் ஐம்பத்தெட்டு.

"இப்படியே போனா அக்கா வரும்போது காலிக் கூடைதான் இருக்கும்" என்றான் முப்பிடாதி, ஆறுதலாக.

கொம்பையா மில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். கொம்பையா வரமாட்டேன் என்று அடம்பிடித்தும் மற்ற இருவரும் இழுத்துப் போனார்கள். பல நாள் பசி. பந்தியில் உட்கார்ந்தவன் முதல் பந்தி எழுந்த பிறகும் எழவில்லை. இரண்டாம் பந்தியோடும் சேர்ந்து சாப்பிட்டான். வந்ததும் எடை பார்த்தார்கள். ஐம்பத்தொன்பதரை!

தளவாய் அண்ணாச்சிக்கு மூளை வேலை செய்தது. அவரே பயந்துபோகும் வேகத்தில் செய்தது.

"கொழுந்து கல்யாணத்துக்கு வந்துதா?"

"இல்லை அண்ணாச்சி."

"பந்தியில சாப்பிட்டது யாரு?"

"நான்."

"ஏறுனது யாருக்கு?"

கொம்பையா வாயைப் பிளந்தான். "கொழுந்துக்கு!"

"அவ்வளவுதான் வைத்தியம். நீ சாப்பிட்டா அதுக்கு ஒட்டுது. தின்னுலே!"

அன்றிலிருந்து கொம்பையா கொழுந்துக்காகச் சாப்பிட்டான். காலையில் ஆட்டுக்கால் சூப், நடுவில் நாட்டுக்கோழி முட்டை, மதியம் கறிச்சோறு, சாயங்காலம் பரோட்டாவும் சால்னாவும். பூனை டானிக்கையும் தளவாய் அவன் வாயில்தான் ஊற்றினார். "சேர்ற இடம் ஒண்ணுதானே" என்றார். மாவு அரைக்க வந்தவர்கள் "கொழுந்துக்குக் குடுங்க" என்று அதிரசமும் பால்கோவாவும் கொண்டுவந்து அவனிடம் நீட்டினார்கள். கொழுந்து எதிரில் உட்கார்ந்து அவனுடைய தட்டையே பார்க்கும். சில நேரம் நீளமாகக் கத்தும்.

"அதிரசம் அதுக்குப் பிடிச்சிருக்கு" என்பான் கொம்பையா, வாய் நிறைய.

எடை ஏறியது. அறுபத்தைந்து. எழுபது. சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. தராசு மேடையில் ஏறும்போது அவனுக்கு மூச்சு இரைத்தது.

"கொழுந்துக்கு மூச்சு வாங்குது" என்றான் முப்பிடாதி.

"எடை கூடுனா அப்படித்தான். போகப் போகச் சரியாயிரும்" என்றார் தளவாய்.

அக்கா மறுநாள் வருகிறாள் என்று தகவல் வந்த அன்று தராசு சரியாக எழுபத்தாறு காட்டியது. தளவாய் பெருமை தாங்காமல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, பூனை எழுபத்தாறு கிலோ."

டாக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், தளவாய் சொன்னார்.

"உடனே கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

எழுபத்தாறு கிலோ பூனையை ஆட்டோவில் கொண்டுபோக முடியாது என்று 'குட்டியானை' லோடு வண்டி பிடித்தார்கள். பின்னால் கொம்பையா பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, வண்டி சாயாமலிருக்க முப்பிடாதி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான்.

ஜெசிந்தா டாக்டர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்காமல் கொழுந்தை வாங்கி மேஜைமேல் இருந்த சின்னத் தராசில் வைத்தார். வண்டியில் வந்த அசதியில் அது அப்படியே படுத்துக்கொண்டது.

"மூணு கிலோ நானூறு" என்றார். "இந்த வயசுக்கு ரொம்ப நல்ல எடை. கண்ணு, பல்லு எல்லாம் சுத்தமா இருக்கு."

கொம்பையாவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. கொழுந்து எழுபத்திரண்டு கிலோ அறுநூறு கிராம் குறைந்துவிட்டது! மில்லில் வண்டி ஏறும்போது முழுசாக இருந்தது. வழியில்தான் எங்கேயோ போயிருக்கிறது. "நீங்க ஒரு மனுச டாக்டரைப் பாக்கிறது நல்லது" என்று அவர் பின்னாலிருந்து சொன்னபோது மூவரும் சாலைக்கு வந்திருந்தார்கள்.

"வண்டியோட பின்கதவைச் சரியா சாத்தினியாலே?" என்று தளவாய் முப்பிடாதியைப் பிடித்தார்.

"சாத்துனேன் அண்ணாச்சி. கீழ ஒரு விரக்கடை இடைவெளி இருந்துது."

"அது போதுமே!"

வண்டியை அனுப்பிவிட்டு, வந்த வழியெல்லாம் குனிந்து தேடிக்கொண்டே நடந்தார்கள். கொம்பையா கொழுந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி வந்தான். ஓடைப் பாலத்தடியில் பார்த்தார்கள். கருவேலம் புதரை விலக்கிப் பார்த்தார்கள். டீக்கடை வைத்திருக்கும் பூல்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்னவே தேடுதீய?"

"பூனையை."

"கையில இருக்கே."

"இது மூணு கிலோ நானூறுதான்வே. மிச்சம் விழுந்துட்டு."

பூல்பாண்டி டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். அவரும் ஊமத்தங்குளம்தான்.

"என்ன நிறம்?"

"சாம்பல்."

"அந்த நிறத்துல எதுவும் இந்தப் பக்கம் வரலையே" என்றார், வருத்தத்தோடு.

மில்லுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. விடிந்தால் அக்கா வந்துவிடுவாள். ஒரு பொட்டு குறையக்கூடாது என்றாள். இங்கே மூட்டைக் கணக்கில் குறைந்திருக்கிறது. கொழுந்தைத் தவிட்டு மூட்டைமேல் வைத்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு எதிரிலிருந்த தராசு மேடையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி!" என்று அலறினான் முப்பிடாதி. "அங்க பாருங்க!"

தராசு எழுபத்திரண்டு கிலோ அறுநூறு கிராம் காட்டியது.

தளவாய் குனிந்து எண்ணை விரல் வைத்து வாசித்தார்.

"கிடைச்சிட்டு. ஒரு கிராம் பிசகலை."

"கொம்பையாண்ணன்கிட்டயா இருந்துது?" என்றான் முப்பிடாதி. "திருடிட்டீயளா அண்ணே?"

"சத்தியமா நான் எடுக்கலைலே! மடியில வச்சிருந்தேன், தானா வந்திருக்கு!"

"வண்டி குலுங்குன குலுங்கலுக்கு இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கும்" என்று தளவாய் தீர்ப்புச் சொன்னார். "போகட்டும், வெளிய போகலை. அக்கா வர்ற வரைக்கும் நீ எங்கயும் போகாத. குளிக்காத. கரைஞ்சிரும்."

மறுநாள் காலை தங்கபுஷ்பம் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். மில்லுக்குள் நுழைந்ததும் அவள் பார்த்தது தவிட்டு மூட்டைகளை. ஒரு மூட்டைமேல் கொழுந்து சுருண்டு படுத்திருந்தது. பக்கத்தில் நாலு மூட்டையைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் கொம்பையாவும் சுருண்டு படுத்திருந்தான். அவன் முன்னால் ஒரு வாளிப் பால்.

"என்னவே இது?" என்றாள்.

தளவாய் கைகட்டி நின்றார். "அக்கா, நீங்க சொன்னபடி ஒரு பொட்டு குறையலை. மூணு கிலோ நானூறு அந்த மூட்டையில இருக்கு. மிச்சம் எழுபத்திரண்டு அறுநூறு இந்த மூட்டையில இருக்கு. ரெண்டும் சேர்ந்ததுதான் கொழுந்து."

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு இரண்டு மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊமத்தங்குளத்தில் பிறந்து ஊமத்தங்குளத்திலேயே வாக்கப்பட்டவள் அவள். யாரும் எதையும் சொல்லி அவளை எளிதில் ஏமாற்ற முடியாது.

"இந்தப் பெரிய பாகமும் கொழுந்துதான்னு எப்படி நம்புறது?"

தளவாய் தராசைக் காட்டக் கையை நீட்டியபோது அரவை எந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்தது. நிதானமாக மில்லைக் குறுக்கே கடந்து, மூட்டைகளுக்கு முன்னால் நின்று, பால் வாளியை முகர்ந்து பார்த்தது.

கொழுந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கொம்பையாவும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அக்காவின் முகம் மலர்ந்தது.

"கொழுந்தேதான்" என்றாள்.