தரையில் கால் வைக்காத துரைமார்

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய அந்த நாளில், கேளுங்கள், மிளகு விளையும் தீவு ஒன்று இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த துரைமார் அதைப் பிடித்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களை அடிமைகளாக்கி வைத்திருந்தார்கள்.

அந்தத் துரைமாருக்கு ஒரு விசித்திர வழக்கம். தீவின் மண் காலில் பட்டால் தீட்டாம். பட்டவன் அந்த நிமிடமே துரைப் பட்டத்தை இழந்துவிடுவான். அதனால் ஆளுநர் பல்லக்கில் போவார். சிப்பாய்கள் ஆளுக்கொரு அடிமையின் தோளில் ஏறிப் போவார்கள். குளிக்கப் போனாலும் தோள், கொல்லைக்குப் போனாலும் தோள், ஓடுகிற கோழியைப் பிடிக்கவும் தோள்தான். இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தால் சவுக்கடி விழும். ஆகவே அடிமைகள் வீட்டுக்குப் போய்ச் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் மிளகு காய்க்கவில்லை. "அடிமைகளின் பிள்ளைகளைக் கப்பலேற்றி விற்றுவிடுங்கள்" என்றார் ஆளுநர்.

பல்லக்குத் தூக்கும் சடைச்சிக்குச் செம்பி ஒரே மகள். அவளை விட்டுவிடும்படி சடைச்சி மூன்று முறை கெஞ்சினாள். முதல் முறை ஆளுநர் கொட்டாவி விட்டார். இரண்டாம் முறை காதைக் குடைந்தார். மூன்றாம் முறை தூங்கியே போனார். பாவி மனிதன்!

பிள்ளைகளை ஏற்றிய கப்பல் துறையில் நின்றது. வேடிக்கை பார்க்க ஆளுநரும் சிப்பாய்களும் சவாரியாக வந்து சேர்ந்தார்கள். சடைச்சி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"துப்பாக்கி அவனுங்க கையில இருக்கு. அவனுங்க நம்ம தோள்ல இருக்கானுங்க. நடங்க, கப்பலுக்கு."

எல்லாத் தோள்களும் கப்பலைப் பார்த்து நடந்தன.

"சுடுங்கள்" என்று கத்தினார் ஆளுநர்.

சிப்பாய்கள் குனிந்து பார்த்தார்கள். சுட்டால் கீழே இருப்பவன் விழுவான். அவன் விழுந்தால் இவர்கள் மண்ணில் விழுவார்கள், பட்டம் போய்விடும். "முதல்ல நீ சுடு" என்றான் ஒருவன். "நீ மூத்தவன், நீ சுடு" என்றான் அடுத்தவன். இந்த மரியாதை முடிவதற்குள் கப்பலே வந்துவிட்டது.

அடிமைகள் பலகை வழியாக ஏறினார்கள். துரைமாரை மூட்டைகளைப் போல இறக்கினார்கள், பிள்ளைகளை வாரிக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள்.

இப்போது சுட்டாலோ, கரைக்குச் சுமந்து போக ஆள் இருக்காது. ஆளுநர் கெஞ்சினார். "சடைச்சி, என்னைத் தூக்கிட்டுப் போம்மா. உங்களுக்கெல்லாம் விடுதலை தரேன்."

"அதை நாங்களே எடுத்துக்கிட்டோம் ஐயா. வரணும்னா நடந்து வாங்க."

ஆளுநர் பலகையில் ஒரு கால் வைத்தார். கீழே மண்ணைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். சடைச்சி கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கப்பலும் போயிற்று, ஆட்சியும் போயிற்று.

அங்கேயே அவளைத் தலைவியாக்கினார்கள். "இனி இந்தத் தீவில் யாரும் யாரையும் சுமக்க வேண்டாம்" என்று முதல் சட்டம் போட்டாள்.

"அம்மா, கால் வலிக்குது, தூக்கு" என்றாள் செம்பி.

தலைவி தன் சட்டத்தைத் தானே மீறினாள். ஊரே சவுக்குக்குப் பயப்படாமல் வாய்விட்டுச் சிரித்தது.

சுமக்கிறவர்கள் ஒன்றுகூடி இறக்கி வைத்துவிட்டால், மேலே இருந்தவரின் அதிகாரம் அத்தோடு முடிந்துவிடும்.