சூப்பரிண்டெண்ட் நாற்காலி

ஆபீஸ் நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள் பழகுவதற்கென்று அந்தக் கல்லூரியில் ஒரு மாதிரி அலுவலகம் உண்டு. அங்கே பாடம் எடுத்துவந்து செத்துப்போன, கலெக்டர் ஆபீஸ் ரிட்டயர்டு சூப்பரிண்டெண்ட் வைத்திலிங்கம் இன்னமும் பெரிய நாற்காலியை விடவில்லை. யார் உட்காரப் போனாலும் சில்லென்று ஒரு கை பிடித்துத் தள்ளும்.

இசக்கியம்மாளுக்கு அதில்தான் செய்முறைத் தேர்வு. உட்காராவிட்டால் பெயில்.

“இது என் சீட்டு. முடிஞ்சா என்னை எழுப்பிப் பாரு!” என்று காலி நாற்காலி உறுமியது.

இசக்கி சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, விறைப்பாக நின்று கும்பிட்டாள். “வணக்கம் கலெக்டர் ஐயா, வாங்க!”

உடம்பு போனாலும் பழக்கம் போகுமா? நாற்காலி கிறீச்சிட, வைத்திலிங்கம் பதறி எழுந்துவிட்டார். இசக்கி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

அப்போது ஆளில்லாத வாசலிலிருந்து இன்னொரு அதிகாரக் குரல் கேட்டது.

“வணக்கம்.”

இசக்கியும் எழுந்து நின்றாள்.