ஏழு அங்குலம் உயர்ந்த ஜீப்

"கையெழுத்துப் போட மாட்டேன்னா எப்படி டீச்சர்? நான் என்ன வானத்துக்கா ஏணி வச்சேன்? ஏழு அங்குலம்தானே தூக்கினேன்!"

கேட்டவர் வெள்ளைத்துரை. மலையில் ஜீப் ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயசு. எதிரே நின்றவர் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தருகிற ஆய்வாளர் நசீமா. அவருக்கு முப்பத்திநாலுதான். அரசு வேலை கிடைப்பதற்கு முன் அவர் டிரைவிங் கற்றுக்கொடுத்தார். நாற்பது வயசில் நடுங்கி நடுங்கி ஸ்டியரிங் பிடித்த வெள்ளைத்துரையை ஓட்டுநராக்கியது அந்தப் பெண்தான். மகள் வயசுக்காரரை மனுஷர் இன்னும் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அன்று காலை மேகம் வண்டிச் சோதனை மைதானத்துக்கே இறங்கி வந்திருந்தது. ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்திய ஜீப், அதில் மிதப்பதுபோல நின்றது. பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

"நாளைக்கு டூரிஸ்ட் சீசன் ஆரம்பம். சான்று இல்லேன்னா வண்டி வீட்டுலதான் நிக்கும். எங்க வயித்துல அடிக்காதீங்க."

"எதுக்குத் தூக்கினீங்க?"

"பாறை அடியில தட்டறதில்லை. அப்புறம்..." வெள்ளைத்துரைக்கு வெட்கம் வந்துவிட்டது. "மேல உட்கார்ந்தா மேகத்துல போற மாதிரி இருக்கு. தூக்கத்துல பறப்போமே, அப்படி. இந்த வயசுல அது ஒரு சந்தோஷம் டீச்சர்."

நசீமா சிரித்தார். "நல்ல சந்தோஷம்தான்."

முன்சக்கரத்தருகே போய் டயரைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழமா?"

"ஆமா. தினமும் முதல் சவாரிக்கு முன்னாடி என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் குனிஞ்சு சக்கரத்தடியில வைப்பா. அதை நசுக்கிட்டுத்தான் கிளம்பறது."

"இந்த மாதிரி மேகம் மூடினாலுமா?"

"அட, இடி விழுந்தாலும் வைப்பா!"

"வச்சிட்டு?"

"ஒதுங்கிடுவா."

"ஏறி உட்காருங்க. சாவியை என்கிட்ட குடுங்க."

கொடுத்துவிட்டு ஏறினார். நசீமா வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார். பானெட்டுக்கு அப்பால் அவர் தலை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

"என்ன தெரியுது?" குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"மலை உச்சி தெரியுது. அதுக்கு மேல கொஞ்சம் வெயில். அடேயப்பா! சொர்க்கம் டீச்சர்!"

"நான்?"

வெள்ளைத்துரை எக்கிப் பார்த்தார். பானெட் இருந்தது, அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லை.

"நீங்க ஒதுங்கிட்டீங்க."

"அப்போ கிளம்பலாமா?"

"தாராளமா கிளம்பலாம்!"

தினமும் செய்கிற வேலை. கை தானாகவே சாவியைத் திருகப் போனது. சாவி இல்லை.

பானெட்டின் விளிம்புக்கு மேல், முன்சக்கரத்துக்கு நேர் எதிரே, ஒரு கை மெல்ல எழுந்தது. விரலில் சாவி தொங்கியது.



"தங்கபுஷ்பம்!" என்று அலறிக்கொண்டு வெள்ளைத்துரை கீழே குதித்தார்.